சனிக்கிழமைச் சண்டை: வர்க்கமும் குடும்பச் சிக்கலும், ஓர் எளிய விளக்கம்

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் என் அத்தை வீட்டில் சனிக்கிழமைதான் சண்டை நடக்கும். பள்ளி விடுமுறைக்கு அங்கே போய்த் தங்கும் எனக்கு அது வாரச் சந்தையைப் போல ஒரு வழக்கமாகவே பட்டது. வெள்ளிக்கிழமை இரவு வரை தறியில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கும் மாமா, சனிக்கிழமை பொழுது சாயும்போது வாய் திறக்கமாட்டார். திறந்தால் சண்டைதான். அத்தை மடியிலிருந்த முறத்தை இறக்கி வைப்பார். அந்த முறம் தரையில் படும் ஓசை கேட்டதும் பிள்ளைகள் நாங்கள் மெல்ல எழுந்து தெருவுக்குப் போய்விடுவோம். எதிர்வீட்டுப் பாட்டி, "சனி பிடித்த வீடு" என்று தலையில் அடித்துக்கொள்வார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன்.

அத்தை வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர். சனிக்கிழமை அந்தப் பீடிக் கணக்கு முடிக்கும் நாள் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பீடிக் கம்பெனி ஏஜெண்டு இலையும் தூளும் எடை போட்டுத் தருவார். இலையை இரவே நனைத்து வைத்து, காலையில் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூள் நிரப்பிச் சுருட்டி, தலையை மடித்து, நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை தேர்ந்தவர் நாள் முழுக்க நிமிராமல் உட்கார்ந்தால் ஆயிரம் தேறும். தந்த இலையில் கிழிசலும் ஓட்டையும் மிகுந்திருந்தால் எண்ணிக்கை குறையும். குறையும் இலையைக் கைக்காசு போட்டு வெளியில் வாங்கி நிரப்ப வேண்டும். ஏஜெண்டு சரியில்லை என்று ஒதுக்கும் பீடிக்குக் கூலி கிடையாது. மாமாவுக்கும் லுங்கித் தறியில் வாரக் கூலிதான். நெய்வதற்கான பாவு நூல் வராத வாரத்தில் அதுவும் இல்லை. கடன் கொடுத்து வசூலிக்கும் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பதும் அதே சனிக்கிழமை மாலையில்தான். மூன்று கணக்கும் ஒரே திண்ணையில் வந்து மோதும். இவ்வளவு வந்திருக்க வேண்டும், இவ்வளவுதான் வந்தது, இவ்வளவு கொடுக்க வேண்டும். மிச்சமெல்லாம் அவர்கள் இருவரின் குரலில் நான் கேட்டது.

குடும்பச் சிக்கலைப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆட்களின் குணத்தைப் பேசுகிறோம். அவர் முன்கோபி, அவள் வாயாடி, மாமியார் சரியில்லை, பிள்ளை தறுதலை. சமூகவியல் இதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கிறது: அந்த வீடு எந்த வர்க்கத்தில் நிற்கிறது?

வர்க்கம் என்றால்

வர்க்கம் என்ற சொல் பலருக்கு மேடைப் பேச்சை நினைவூட்டும். அதன் உள்ளே இருப்பது மிக எளிய செய்திதான். மார்க்ஸ் கேட்டது, தொழில் செய்யத் தேவையான சாதனம் யார் கையில் இருக்கிறது என்று. பீடி இலை ஏஜெண்டுடையது, தோல் தொட்டி முதலாளியுடையது, அத்தையிடம் இருந்தவை முறமும் கத்தரிக்கோலும் பத்து விரலும். பின்னால் வந்த சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், சொத்தோடு சேர்த்து ஒருவரின் படிப்பும் திறமையும் சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பதையும் வர்க்கக் கணக்கில் சேர்த்தார். ஊரில் கிடைக்கும் மரியாதையை அவர் இதிலிருந்து பிரித்து, தனியான ஏணியாகப் பார்த்தார்.

நான் இதைப் புதிதாகக் கேட்பவர்களுக்குச் சொல்லும்போது வேறொரு வழியில் தொடங்குவேன். உங்கள் வீட்டுக்குப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது? செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துக்கு அது முன்பணமாக முதலிலேயே வந்து செலவாகிவிடுகிறது. உழைப்பு பிறகு வருகிறது. கட்டட வேலைக்காரருக்கு நாள் கணக்கு. அத்தைக்கு வாரக் கணக்கு. ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் சாலையோரம் நிற்கும் பெண்களுக்கு மாதக் கணக்கு. கரும்பு போட்டவருக்கு ஆண்டுக் கணக்கு. காட்பாடியில் மாடி கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டவருக்கு அவர் தூங்கும்போதும் வருகிறது. இதோடு இன்னொரு கேள்வி: இந்த வரவு நின்றுபோனால் வீடு எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாரமா, ஆறு மாதமா, பிள்ளைகள் காலம் வரையா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் வர்க்கத்தின் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

மீதிக் கால் பங்கில் சாதி இருக்கிறது. நம் பக்கத்தில் அதை விட்டுவிட்டு வர்க்கம் பேசவே முடியாது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்றார் அம்பேத்கர். 1989இல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது வேலூர்ப் பகுதிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அவசரத்தில் ஐம்பதாயிரம் கேட்டால் கொடுக்கக்கூடிய சித்தப்பா இருக்கிறார். இன்னொருவரின் உறவினர் அனைவரும் அவரைப் போலவே கைக்கும் வாய்க்கும் இடையில் வாழ்கிறவர்கள். சம்பளச் சீட்டில் இருவரும் சமம், நெருக்கடி வரும் நாளில் சமம் இல்லை.

பணமுடை மனிதருக்குள் இறங்கும் வழி

சரி, பணம் இல்லாவிட்டால் சண்டை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எந்த வழியாக வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1980களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் விவசாயிகள் கடனில் மூழ்கி நிலத்தை இழந்தார்கள். அந்தக் குடும்பங்களை ராண்ட் காங்கர், கிளென் எல்டர் ஆகியோரின் குழு பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. அவர்கள் கண்ட சங்கிலி இது: வருமானம் குறைகிறது, கட்ட முடியாத பாக்கிகள் சேர்கின்றன, அது தாய் தந்தையரின் மனத்தில் சோர்வாகவும் எரிச்சலாகவும் இறங்குகிறது, அந்த எரிச்சல் கணவன் மனைவிக்குள் பூசலாகிறது, பூசல் பிள்ளைகள்மேல் கடுமையாகவோ கவனிப்பின்மையாகவோ விழுகிறது, பிள்ளையின் படிப்பும் மனமும் பாதிக்கப்படுகின்றன. குடும்ப அழுத்த மாதிரி என்று இதைச் சொல்வார்கள். பணமுடை நேராகப் பிள்ளையைத் தொடுவது குறைவு. அது பெற்றோரின் முகம் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. நாங்கள் தெருவுக்கு எழுந்து போனோமே, அதுதான்.

அயல்நாட்டு ஆய்வு நமக்கு எதற்கு என்பவர்களுக்கு, நம் மண்ணிலேயே நடந்த ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் ஆராய்ந்து 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். திருவண்ணாமலை 1989 வரை எங்கள் வட ஆற்காடுதான். கரும்புக்காரருக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டு முடிந்த பிறகு வருகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் பண வறட்சி, பிந்தைய மாதங்கள் செழிப்பு. ஆள் ஒருவரே. ஒரே மனிதருக்கு வெட்டுக்கு முன்பும் பின்பும் சிறு சிறு அறிவுச் சோதனைகள் வைத்தார்கள்: விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிப்பது, கவனம் சிதறாமல் எண்களுக்குப் பதில் சொல்வது போன்றவை. வெட்டுக்கு முன்பு அதே மனிதர் மெதுவாகவும் தவறாகவும் செய்தார், பின்பு தேறினார். ஆலை ஒவ்வொருவருக்கும் வெட்டு உத்தரவு தருவது வேறு வேறு காலத்தில் என்பதால், வெயில் காலம், பண்டிகைக் காலம் என்று பருவத்தின்மேல் பழி போடவும் முடியாது.

இதன் பொருளைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. இருந்தாலும் எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஒன்று. பற்றாக்குறை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நாளைக்கு யாரிடம் கேட்பது, எதை எடுத்து வைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனத்தில், பொறுமையாகப் பதில் சொல்வதற்கும் பிள்ளையின் கேள்வியைக் காதில் வாங்குவதற்கும் இடம் மிச்சமில்லை. சனிக்கிழமை மாமா ஏன் வேறு ஆளானார் என்பதற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வெட்டுக்கு முன்பு 78 விழுக்காட்டினர் ஏதோ ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின்பு அது 4 விழுக்காடு. நம் வீடுகளில் அடகுக்குப் போவது முதலில் எது? பெண்ணின் கம்மலும் சங்கிலியும்தான். பிறந்த வீட்டில் போட்ட நகை, அவளுக்கென்று இருக்கும் ஒரே சொத்து. வங்கியில் சேமிப்பு உள்ள வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவோ கல்லூரிக் கட்டணமோ வந்தால் எண்கள் நகர்கின்றன. யாருடைய உடம்பிலிருந்தும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. சேமிப்பு இல்லாத வீட்டில் ஒவ்வொரு நெருக்கடியும் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து தொடங்குகிறது. திருப்பித் தருகிறேன் என்ற வாக்கு, வட்டி ஏறி மூழ்கிப்போன அடகுச் சீட்டு, தங்கையின் கல்யாணத்துக்கு மஞ்சள் கயிற்றோடு போய் நின்ற கூச்சம், அதை மாமியார் வீட்டில் ஒருவரும் பேசாமல் விட்டது, இவையெல்லாம் பத்து ஆண்டு கழித்தும் சண்டையில் வரும். அத்தை கடைசி வரை ஒரு ஜோடிக் கம்மலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பிள்ளையும் இந்த அடகுக் கணக்குக்குள் வந்த காலம் உண்டு. பீடி ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, கடன் தீரும் வரை பிள்ளையை வேலைக்கு அனுப்பும் வழக்கம் இந்தப் பகுதியில் இருந்தது. கொத்தடிமை முறையைச் சட்டம் 1976இலேயே ஒழித்துவிட்டது. ஆனாலும் 1990களில் மனித உரிமை ஆய்வாளர்கள் இங்கே வந்து அதைப் பதிவு செய்யும் நிலை இருந்தது. சின்ன விரல்கள் பீடியின் தலையை மடிக்க வசதியானவை. அப்படி அனுப்பப்பட்ட ஒருவர், இன்று நடுத்தர வயதுக்காரர், தன் தாயிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தாய்க்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததால் மனம் ஆறிவிடவில்லை. வர்க்கம் ஒரு குடும்பத்தில் செய்யும் வேலைகளில் இதைவிடக் கொடியது எனக்குத் தெரிந்து இல்லை: அன்பு உள்ளவர்களையே ஒருவருக்கொருவர் கடன்காரர்களாக்கிவிடுவது.

முன்பணம் ஆண்களையும் பிரிக்கிறது. ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்களிலிருந்து கூலி வேலைக்கென்று போனவர்கள் ஆந்திரத்துச் செம்மரக் காடுகள் வரை இழுக்கப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அந்த வீடுகளில் அதன் பிறகு பெண்கள் தனியே பிள்ளை வளர்த்ததை நாம் குடும்பப் பிரச்சினை என்ற தலைப்பில் எழுதுவதே இல்லை.

சுவர் கனமான வீடுகள்

அப்படியென்றால் பணக்கார வீட்டில் சிக்கல் இல்லையா? நிறைய இருக்கிறது. கேட்பதில்லை, அவ்வளவுதான். வேலூர் வெயிலைத் தெரியாதவர் இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் சிமெண்டு ஷீட் போட்ட ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்தால் யாருக்கும் தூக்கம் வராது. கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறை கிடையாது. சண்டை தெருவுக்கு வந்துவிடும், தெரு சாட்சி சொல்லும், பஞ்சாயத்து கூடும். மூன்று படுக்கையறையும் குளிர்சாதனமும் உள்ள வீட்டில் கணவனும் மனைவியும் மாதக் கணக்கில் பேசாமல் இருந்தாலும் வேலைக்கார அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. இதனால்தான் குடும்பத் தகராறு என்றாலே சேரிக்கும் குடிசைக்கும் உரியது என்ற பொய்த் தோற்றம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. மகளிர் காவல் நிலையத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து எண்ணினால் கணக்கு தப்பும்.

நடுத்தர வர்க்கத்தின் சிக்கலுக்கு வேறு முகம். அங்கே சோற்றுக்குப் பஞ்சமில்லை, நிலை இறங்கிவிடுவோமோ என்ற பயம்தான் வீட்டை ஆட்டுகிறது. வீட்டுக் கடன் தவணை, மகனின் பொறியியல் படிப்பு, மகளுக்கு எத்தனை சவரன் என்ற பேச்சு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. கேட்பதும் கொடுப்பதும் இன்றும் கௌரவத்தின் பெயரில் நடக்கிறது. அடிபட்ட பெண்ணே, "வெளியில் தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது" என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ஏழைப் பெண்ணுக்கு இல்லாத ஒரு பூட்டு அது. சொத்துள்ள வீட்டிலோ அண்ணன் தம்பி இருவரும் நீதிமன்றத்தில் வெவ்வேறு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தாய் யார் வீட்டில் சாப்பிடுவது என்பது வழக்கு முடியும் வரை முடிவாகாது.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரே வர்க்கமாக இருக்க வாய்ப்பே இல்லை. வசதியும் படிப்பும் கூடக்கூட வன்முறை குறைவதாகவே நாடு தழுவிய கணக்கு காட்டுகிறது. குறைகிறது, ஆனால் எந்தப் படியிலும் இல்லாமல் போவதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். மாமா ஒருமுறை கை நீட்டினார். அத்தையின் உதடு கிழிந்தது. அடுத்த வீட்டிலும் வாரக் கூலிதான், அதே தண்டல்காரர்தான், அதே சனிக்கிழமைதான். அந்த வீட்டுக்காரர் ஒருநாளும் மனைவியை அடித்ததில்லை. பணமுடை ஏன் அழுத்துகிறது என்று வர்க்கம் விளக்கும். ஓங்கிய கைக்கு அந்தக் கைக்காரர்தான் பொறுப்பு. வறுமையைக் காட்டி அடியை மன்னிக்கச் சொல்பவர்கள், அடிக்காத ஏழைகள் அனைவரையும் அவமதிக்கிறார்கள்.

அம்பு மறுபக்கமும் பாயும். வர்க்கம் குடும்பத்தை உலுக்குவது போல, குடும்பச் சிக்கலும் வர்க்கத்தைச் சரிக்கிறது. குடியால் கூலி பாதியாகிறது. விட்டுப்போன கணவனால் இரண்டு வருமானம் ஒன்றாகிறது. அம்மா நோயில் படுத்தால் மகள் பத்தாம் வகுப்போடு நிற்கிறாள். எது முதல், எது பின் என்று பல வீடுகளில் பிரித்தே சொல்ல முடியாது.

யார் பெயரில் என்பது

அப்படியானால் எது இந்தச் சங்கிலியைத் தளர்த்துகிறது? வருமானம் கூடினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெண் சம்பாதித்தாலே நிலை மாறிவிடும் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தவில்லை. ஷூ கம்பெனிச் சம்பளம் வங்கியில் விழுந்த அன்றே கார்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கணவர்கள் இருக்கிறார்கள். வேலையும் செய்து சமையலும் செய்து களைத்தவளிடம் குறை கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் தேதி தெரிந்த பணம் வாரக் கூலியைவிட மேல். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாயைச் சின்னத் தொகை என்று இகழ்பவர்களுக்கு, இந்தத் தேதியில் இது வரும் என்ற நிச்சயத்தின் மதிப்பு தெரியாது என்றுதான் சொல்வேன்.

இதைவிட வலுவாக வேலை செய்வது சொத்து. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் ஏறத்தாழ 500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. தன் பெயரில் எதுவும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் நெடுங்காலமாகக் கணவரிடம் அடிபட்டிருந்தார்கள். வீடும் நிலமும் தன் பெயரில் உள்ளவர்களில் அது 7 விழுக்காடு. காரணம் விளங்காததில்லை. எழுந்து போக ஓரிடம் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பெரும்பாலும் போக வேண்டிய தேவையே வராது.

தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. நாடு முழுவதும் அது வர 2005 ஆனது. நம் ஊரிலோ, "சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு" என்று மகளிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் பதிவாளர் அலுவலக வாசலில் இன்றும் நடக்கிறது. கையெழுத்துப் போடும் பெண், அண்ணனின் உறவை இழக்கக்கூடாது என்று போடுகிறாள். அவள் எழுதிக் கொடுப்பது நிலத்தை மட்டுமில்லை, நாளைக்கு ஒரு கெட்ட நாள் வந்தால் நிற்பதற்கான தரையையும்தான்.

அத்தைக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒன்றரை சென்ட் இடத்துக்குப் பட்டா கிடைத்தது, அவர் பெயரிலேயே. அதன்மேல் ஓடு போட்ட ஓர் அறை எழுப்பினார். மாமா அப்போதும் அதே மாமாதான். சனிக்கிழமைக் கணக்கும் நின்றுவிடவில்லை. ஆனால் பேச்சு முற்றும்போது திண்ணைக்கு எழுந்து போகிறவர் மாமாவாக மாறியிருந்தார். வீட்டுவரி ரசீதை அத்தை அரிசிப் பானைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார்.

இதைப் படிப்பவர்களில் பட்டாவும் ரசீதும் இல்லாதவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காக இது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005, வீடு யார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். நேரில் போவதென்றால் குடியாத்தத்திலிருந்து வேலூர் போய், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் காத்திருந்து திரும்ப ஒரு பகல் போய்விடும். ஒரு பகல் என்பது ஆயிரம் பீடி. அதனால் முதலில் அலைபேசியை எடுங்கள். பெண்களுக்கு 181, சட்ட உதவிக்கு 15100. 181 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, நாளைக்கான இலையை நனைத்து வைத்துவிட்டு எல்லோரும் தூங்கிய பிறகுகூடப் பேசலாம்.